சிற்றிதழுக்கு ஓர் இணையதளம்: பக்கங்களை எங்கே வைப்பது, கோப்புகளை எங்கே வைப்பது?

"இதழுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். பழைய இதழ்களையெல்லாம் பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும். கூகுள் டிரைவிலேயே போட்டுவிடலாமா, இல்லை காசு கொடுத்து ஹோஸ்டிங் வாங்க வேண்டுமா?" சிற்றிதழ் நடத்துகிறவர்கள், ஊர் நூலகக் குழுக்கள், பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள் என்று பலரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். மாதக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் போவதற்குக் காரணம், இந்தக் கேள்விக்குள் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதுதான்.

இணையதளம் என்பது ஒரு சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினியில், இருக்கும் பக்கங்கள். அந்த இடத்தை வாடகைக்குத் தருவதுதான் ஹோஸ்டிங். ஒருவர் முகவரியைத் தட்டியதும், அந்த முகவரி, அதாவது டொமைன் பெயர், எந்த சர்வரைச் சுட்டுகிறதோ அங்கிருந்து பக்கம் வருகிறது. பக்கம் அரை எம்பிகூட இருக்காது, ஆனால் நள்ளிரவில் கேட்டாலும் உடனே வர வேண்டும். கோப்புப் பகிர்வில் நிலைமை வேறு. ஒவ்வொரு கோப்பும் 15 எம்பி, 50 எம்பி. பல நாள் யாரும் தொடமாட்டார்கள். ஒரு வாட்ஸாப் குழுவில் இணைப்பு பரவினால் ஒரே மாலையில் ஐந்நூறு பேர் இறக்குவார்கள். ஒன்று கடையின் முகப்பு, மற்றது கிடங்கு. இரண்டுக்கும் ஒரே இடத்தைத் தேடினால் எந்த இடமும் பொருந்தாது.

## முதலில் ஒரு கணக்கு

காலாண்டிதழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுகளில் 40 இதழ்கள். ஒவ்வொன்றும் 15 எம்பி பிடிஎஃப் என்றால் மொத்தம் 600 எம்பி. கூட்டப் பதிவுகள் 12, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ (நொடிக்கு 64 கிலோபிட், ஒற்றைத் தடம்) தாராளமாகப் போதும். அதில் ஒரு மணி நேரம் 28.8 எம்பி, ஆக ஒரு பதிவு 43 எம்பி, பன்னிரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 520 எம்பி. படங்கள் 200. போனில் எடுத்தபடியே ஏற்றினால் ஒன்று 4 எம்பி வரும், அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்தால் 300 கேபிக்குள் அடங்கும். எல்லாம் சேர்த்து 1.2 ஜிபி.

இடம் பெரிய விஷயமில்லை. மாதந்தோறும் வெளியே போகும் தரவைப் பாருங்கள்:

- பக்கங்கள்: அரை எம்பி வீதம் 3,000 பார்வைகள், 1.5 ஜிபி
- புதிய இதழ்: 800 பேர் இறக்கினால் 12 ஜிபி
- பழைய இதழ்கள்: 400 முறை, 6 ஜிபி
- ஒலிப்பதிவு: 300 முறை, சுமார் 13 ஜிபி

மொத்தம் 33 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. அதில் இணையதளப் பக்கங்களின் பங்கு 1.5 ஜிபிதான். ஹோஸ்டிங் நிறுவனத்தின் "பிரீமியம்" திட்டத்துக்குத் தாவ வேண்டிய கட்டாயம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மற்ற 31 ஜிபி. அதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் தளத்தை இலவசமாகவே நடத்த முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முகவரி யாருடையது? எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இதுதான். 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியது. தொண்ணூறுகளில் அங்கே இலவசப் பக்கம் போட்டிருந்த எல்லோருடைய முகவரியும் அதோடு போயிற்று. கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகர், 2012-இல் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட் டாட் காமிலிருந்து பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. அப்போது பலரும் அந்த இணைப்பையே நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 2020-இல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற டொமைனே கூகுளின் கையைவிட்டுப் போனது. பதிவுகள் டாட் காம் முகவரியில் பத்திரமாக இருந்தன, பழைய மடல்களிலும் கட்டுரைகளிலும் கிடந்த இணைப்புகள் செத்துவிட்டன. சொந்த டொமைன் இருந்தால் சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் வாசகருக்குத் தெரியாது.

மூன்றாண்டுச் செலவு. முதலாண்டு விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டாட் காம் டொமைனை விற்கிற நிறுவனமே அதற்குக் கட்ட வேண்டிய மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலரானது. 99 ரூபாய்க்கு யாராவது கொடுத்தால் நட்டத்தை அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பில் எடுத்துக்கொள்வார்கள் என்று பொருள். 18% ஜிஎஸ்டி தனி.

கூட்டம் தாங்குமா? மாத வரம்பு, நாள் வரம்பு, ஒரு கோப்பின் உச்ச அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே பாருங்கள்.

பராமரிக்கக் கை இருக்கிறதா? இன்று ஆர்வமாகச் செய்து கொடுக்கும் இளைஞர் இரண்டாண்டில் வேலை கிடைத்து ஊர்விட்டுப் போகலாம். அடுத்து வருகிறவரால் எடுத்து நடத்த முடிய வேண்டும்.

வெளியேற வழி உண்டா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டு வேறிடம் போக முடியுமா என்பது.

## பக்கங்களுக்கு: நான்கு வழிகள்

### பிளாகர்

இலவசம், சொந்த டொமைனையும் கூடுதல் கட்டணமின்றி இணைக்கலாம். டொமைன் வாங்கிய இடத்தில் இரண்டு சிநேம் பதிவுகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் குறிப்புகள்) சேர்த்தால் போதும். மாற்றம் நடைமுறைக்கு வரச் சில நிமிடம் முதல் ஒரு நாள்வரை ஆகும். எழுத்தாளர்கள் பலரைச் சேர்க்கலாம், தமிழ்த் தட்டச்சில் சிக்கல் இல்லை, சர்வர் பற்றி எதுவுமே தெரிய வேண்டாம்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. படமும் காணொளியும் ஏற்றலாமே தவிர பிடிஎஃப் ஏற்ற முடியாது, கோப்புகளுக்கு வேறிடம் வேண்டும். அடுத்தது, "காப்புப் பிரதி" பொத்தானில் இறங்குவது பதிவுகளும் பின்னூட்டங்களும் மட்டும். படங்கள் அதில் வராது. அவற்றின் மூலப் பிரதிகளைத் தனியே வைத்துக்கொள்ளாதவர்கள் இடம் மாறும்போது தவிக்கிறார்கள்.

வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டமும் இதே வகைதான். ஆனால் அதில் சொந்த டொமைன் இணைக்கப் பணம் கட்ட வேண்டும், அவர்களுடைய விளம்பரமும் வரும். இலவசமே வேண்டும் என்றால் பிளாகர் மேல்.

### பகிர்வு ஹோஸ்டிங்

ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டி, ஒரு சர்வரை நூற்றுக்கணக்கான தளங்களோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. சிபேனல் அல்லது அதுபோன்ற கட்டுப்பாட்டுப் பலகை கிடைக்கும். தளத்தை எழுதி நடத்த உதவும் இலவச நிரலான வேர்ட்பிரஸ்ஸை ஒரு சொடுக்கில் நிறுவலாம். சொந்த மின்னஞ்சல் முகவரிகள், சந்தாப் படிவம், தேடல் எல்லாம் செய்யலாம். உண்மையான சுதந்திரம் இங்கேதான் கிடைக்கிறது. கவனக்குறைவுக்கு விலையும் இங்கேதான் அதிகம்.

"அன்லிமிடெட்" என்ற சொல்லை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். வட்டு இடத்துக்கு வரம்பு எழுதாமல், கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பார்கள். அதன் பெயர் ஐநோடு. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் நகல்கள் உண்டாக்குவதால் 200 படம் ஏற்றினால் ஆயிரத்துக்கும் மேல் கோப்பு சேரும். மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. அதோடு, ஹோஸ்டிங் இடத்தைக் கோப்புக் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். பிடிஎஃப்களைக் குவித்து வைத்த தளத்தை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தி வைப்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

கூட்டம் வந்தால் வாசகர் பார்ப்பது 508 என்ற பிழை. உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய சிபியு அல்லது நினைவகம் தீர்ந்தது என்று அர்த்தம். 509 என்றால் மாதப் பேண்ட்வித், அதாவது வெளியே போகும் தரவுக்கான அளவு, முடிந்துவிட்டது. முன்னதற்கு ஒரு கேஷ் பிளகின் (பக்கத்தை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு அதையே தரும் துணை நிரல்) பெரும்பாலும் போதும். பின்னதற்குக் கோப்புகளை வெளியே எடுப்பதுதான் வழி.

புதியவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் இவை:

- விண்டோஸ் கணினியில் சரியாகத் தெரிந்த படம் தளத்தில் தெரியவில்லை, 404 வருகிறது. லினக்ஸ் சர்வர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகப் பார்க்கும். ஆங்கிலக் கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவே சிறு கோடு போட்டு வையுங்கள்.
- 403 வருகிறது. ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 அனுமதி இருக்கிறதா, தளத்தின் வேர் ஃபோல்டரான பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் (public_html) இண்டெக்ஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஃபோல்டர் உள்ளே தள்ளி ஏற்றியிருப்பார்கள்.
- 2 எம்பிக்கு மேல் ஏற்ற முடியவில்லை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் இயல்பு வரம்பு அது. பலகையில் பிஎச்பி அமைப்புகளுக்குள் போய், ஏற்றும் கோப்பின் அளவு, போஸ்ட் அளவு இரண்டையும் கூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கூட்டினால் 15 எம்பி இதழ் ஏறாது.
- வேறு சர்வருக்கு மாற்றியதும் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்க அமைப்பு லத்தீன்-1 என்று இருந்திருக்கும். முதல் நாளே யுடிஎஃப்8எம்பி4 என்று வைத்துவிடுங்கள். பழைய "யுடிஎஃப்8" அமைப்பில் தமிழ் தப்பிக்கும், ஈமோஜி தப்பாது. ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட எழுத்தை மீட்க முடியாது, பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு (தளத்தோடான தொடர்பைப் பாதுகாப்பாக்கும் சான்று) தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. சான்றிதழ் காலாவதியாகும் முன்பே சர்வர் அதைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பு எப்போதாவது தவறினால் வாசகர்களுக்கு முழுப்பக்க எச்சரிக்கை வரும், பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.

சந்தா, பின்னூட்டம், தேடல், பலர் சேர்ந்து பதிப்பித்தல் ஆகியவை வேண்டும், மாதம் ஒருமுறை வேர்ட்பிரஸ்ஸையும் பிளகின்களையும் புதுப்பிக்க ஒருவர் இருக்கிறார் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒருவர் இல்லையென்றால் வேண்டாம். புதுப்பிக்காத பிளகின் வழியாகத்தான் சூதாட்ட விளம்பரங்கள் தளத்துக்குள் நுழைகின்றன.

### நிலைப்பக்கத் தளம்: கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ்

தரவுத்தளம் இல்லை, பிஎச்பி இல்லை. எழுதி முடித்த எச்டிஎம்எல் பக்கங்களை அப்படியே வைப்பது. உடைத்து உள்ளே நுழைவதற்கு எந்த நிரலும் ஓடவில்லை, ஆகவே பத்தாண்டு தொடாமல் விட்டாலும் தளம் அப்படியே நிற்கும். ஆவணமாக நிலைக்க வேண்டிய தளத்துக்கு இதைவிட ஏற்றது இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதம் 100 ஜிபிவரை போக்குவரத்தை ஏற்றுக்கொள்வார்கள். உலாவி வழியாக ஏற்றினால் ஒரு கோப்பு 25 எம்பிக்குள், கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் நிரல்) வழியாக என்றால் 100 எம்பிக்குள். கிளவுட்ஃபிளேர் பேஜஸில் நிலைப்பக்கங்களின் போக்குவரத்துக்குக் கணக்கே இல்லை, ஆனால் ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது. ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டு ஏற்றலாம் என்பதால் கிட் தெரியாதவர்களுக்கு இது எளிது. அப்படி இழுத்துப் போடும்போது ஆயிரம் கோப்புவரைதான் ஏற்கும். நம் 15 எம்பி இதழ்கள் இரண்டிலும் உள்ளே போகும், 43 எம்பி ஒலிப்பதிவு கிளவுட்ஃபிளேரில் போகாது.

படிவம், பின்னூட்டம் தாமாக வேலை செய்யாது, கூகுள் ஃபார்ம் போன்ற ஒன்றை இணைக்க வேண்டும். கிட்ஹப் பேஜஸை விற்பனைத் தளமாகப் பயன்படுத்த அனுமதி இல்லை. இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும்: கிட்ஹப் இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் களஞ்சியம் (உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) பொதுவில் இருக்க வேண்டும், அங்கே அழித்த கோப்பும் வரலாற்றில் தங்கும். சந்தாதாரர் முகவரிப் பட்டியலைத் தவறிப்போய் ஏற்றி, பதறி அழித்தாலும், பழைய பதிப்பைத் திறந்து யாரும் படிக்கலாம்.

### விபிஎஸ்

ஒரு பெரிய சர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர் இது. மாதம் ஐந்தாறு டாலருக்கு 1 ஜிபி நினைவகத்தோடு கிடைக்கும். மலிவாகத் தெரியும். ஆனால் இயங்குதளப் புதுப்பிப்பு, ஃபயர்வால், பேக்கப், மின்னஞ்சல் எல்லாம் உங்கள் தலையில். புதிய சர்வர் இணையத்துக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி முயற்சிகள் தொடங்கிவிடும். லினக்ஸ் நிர்வாகம் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் எடுங்கள், இதழுக்காக எடுக்காதீர்கள்.

## கோப்புகளுக்கு: ஐந்து இடங்கள்

| இடம் | இலவச அளவு | கூட்டம் வந்தால் | எதற்கு ஏற்றது |
|---|---|---|---|
| கூகுள் டிரைவ் | 15 ஜிபி, ஜிமெயிலும் போட்டோஸும் சேர்த்து | சுமார் 24 மணி நேரம் இறக்கம் நிற்கலாம் | குழுவுக்குள் வேலை |
| டிராப்பாக்ஸ் | 2 ஜிபி | இணைப்பு தற்காலிகமாக முடங்கலாம் | கணினிகளுக்கிடையே ஒத்திசைவு |
| வாட்ஸாப், வீடிரான்ஸ்ஃபர் | ஒரு கோப்புக்கு வாட்ஸாப்பில் 2 ஜிபி | சிக்கல் இல்லை | ஒருமுறை அனுப்ப |
| இணைய ஆவணகம் | அளவு குறிக்கப்படவில்லை | தாங்கும், வேகம் குறையலாம் | பொதுவில் நிலைக்க வேண்டியவை |
| பொருள் சேமிப்பகம் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) | கிளவுட்ஃபிளேர் ஆர்2-இல் 10 ஜிபி | தாங்கும், கட்டணத்தைக் கவனிக்க வேண்டும் | சொந்த முகவரியில் பெரிய கோப்புகள் |

### கூகுள் டிரைவ்

எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான். ஆசிரியர் குழு படிகளைப் பார்க்க, மெய்ப்புத் திருத்த, அட்டைப்படம் பரிமாற இதைவிட வசதி கிடையாது. வாசகர்களுக்கு வெளியிடும் இடமாக வைக்கும்போதுதான் சிக்கல்கள் வருகின்றன.

ஒரு கோப்பை ஒரே நேரத்தில் பலர் இறக்கினால், "அண்மையில் அதிகம் பேர் இறக்கியுள்ளனர்" என்று சொல்லி ஏறக்குறைய ஒரு நாள் நிறுத்திவிடும். இதழ் வெளியான அன்றுதான் அது நடக்கும். 100 எம்பியைத் தாண்டிய கோப்பை வைரஸ் சோதனை செய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பாதி வாசகர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

உரிமை விஷயம் இதைவிட ஆழமானது. பகிர்ந்த ஃபோல்டரில் யார் கோப்பை ஏற்றினாரோ அது அவருடைய கணக்குக்குச் சொந்தம், அவருடைய 15 ஜிபியில்தான் கணக்காகும். அவர் தன் கணக்கை மூடினால் அவர் ஏற்றிய இதழ்கள் எல்லாம் போய்விடும். இரண்டாண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகும். ஆகவே இதழின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, எல்லாவற்றையும் அதிலிருந்து மட்டும் ஏற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் குழுவில் இருவருடையவையாக இருக்கட்டும்.

வெளியே பகிரும்போது "இணைப்பு உள்ள எவரும்" என்பதோடு "பார்வையாளர்" என்பதையும் தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டாம் முறை பாருங்கள். "திருத்துபவர்" என்று விட்டுவிட்ட ஃபோல்டர் இணைப்பு வாட்ஸாப் குழுவுக்குப் போனால், கைதவறி எவரும் கோப்பை நீக்கிவிடலாம். பிழை திருத்திய இதழை மாற்ற வேண்டியிருந்தால் பழையதை அழித்துப் புதிதாக ஏற்றாதீர்கள். "பதிப்புகளை நிர்வகி" என்பதில் போய்ப் புதியதை ஏற்றினால் இணைப்பு மாறாது.

டிராப்பாக்ஸ் இதன் தம்பி. இலவச இடம் குறைவு. இணைப்பின் கடைசியில் இருக்கும் 0-ஐ 1 ஆக மாற்றினால் முன்னோட்டம் இல்லாமல் நேரே கோப்பு இறங்கும் என்பது பயனுள்ள வசதி. முன்பு இவ்விரண்டு சேவைகளிலுமே எச்டிஎம்எல் கோப்பை வைத்து இணையதளம்போலத் திறக்க முடிந்தது. கூகுள் அதை 2016-லும் டிராப்பாக்ஸ் 2017-லும் முற்றாக நிறுத்திவிட்டன. பழைய வழிகாட்டிகளில் அந்த உத்தியைப் படித்துவிட்டு யாரும் மெனக்கெட வேண்டாம்.

### வாட்ஸாப், வீடிரான்ஸ்ஃபர்

இவை அஞ்சல் சேவைகள், அலமாரிகள் அல்ல. வீடிரான்ஸ்ஃபரின் இலவச இணைப்பு சில நாளில் காலாவதியாகும். 2020 மே மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவால் அந்தத் தளமே நாட்டில் முடக்கப்பட்டது. வாட்ஸாப்பில் பழைய கோப்பைத் திறந்தால் "அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள்" என்று சொல்லும். அச்சகத்துக்குப் படி அனுப்பச் சரி. படங்களை அனுப்பும்போது மட்டும் "ஆவணம்" என்று தேர்ந்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் வாட்ஸாப் அழுத்திச் சுருக்கிய படம்தான் அச்சுக்குப் போகும்.

### இணைய ஆவணகம்

1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. ஆர்க்கைவ் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியில் இருக்கிறது. ஏற்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தருகிறது, பிடிஎஃப்பை உலாவியிலேயே புரட்டிப் படிக்கலாம், ஒலியை அங்கேயே கேட்கலாம், பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்க உதவும் டாரண்ட் கோப்பும் தானாக உண்டாகும். பத்தாண்டு இதழ்களை உலகம் படிக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வு.

ஏற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். பக்கத்துக்கான அடையாளப் பெயரை ஏற்றிய பிறகு மாற்ற முடியாது. இதழ் பெயர், ஆண்டு, எண் என்று ஒரே ஒழுங்கில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழைக் குறியுங்கள். உரிமம் என்ற இடத்தைக் காலியாக விடாமல், எழுத்தாளர்களின் சம்மதத்தோடு ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை (மற்றவர்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பொது உரிமம்) தேர்ந்தெடுங்கள்.

இதற்கும் பலவீனம் உண்டு. இந்தியாவில் 2014 டிசம்பரில் முடக்கப்பட்ட 32 தளங்களில் இதுவும் ஒன்று. கிட்ஹப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2017 ஆகஸ்டில் திருட்டுத் திரைப்படப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் மறுபடி சிக்கியது. 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் இயங்கவில்லை, 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. மூன்று முறையும் மீண்டு வந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் ஒரே பிரதி அங்கே இருக்கக் கூடாது. உள் ஆவணங்கள், முகவரிப் பட்டியல்கள் ஆகியவற்றுக்கு இது இடமே இல்லை.

இலங்கைத் தமிழ் ஆவணங்கள் என்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டத்தை முதலில் அணுகுங்கள். இதழ்களை முறையாகப் பட்டியலிட்டு வைப்பதை அவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

### பொருள் சேமிப்பகம்

கோப்புகளைப் போட்டு வைத்து, பயன்படுத்தும் அளவுக்கேற்பப் பணம் கட்டும் இணையக் கிடங்கு இது. அமேசான் எஸ்3, கிளவுட்ஃபிளேர் ஆர்2, பேக்பிளேஸ் பி2 ஆகியவை இந்த வகை. கோப்பு உங்கள் சொந்த டொமைனின் கீழேயே இருக்கும். கவனிக்க வேண்டியது, வெளியே போகும் தரவுக்கான கட்டணம். எஸ்3-இல் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் மும்பை மையத்தில் ஜிபிக்கு 0.1093 டாலர். ஒரு மாதம் 1,000 ஜிபி போய்விட்டால் 98 டாலர் பில் வரும். ஆர்2-இல் 10 ஜிபிவரை சேமிப்பும் இலவசம், வெளியே போகும் தரவுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் கார்டு பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் தரும் சோதனை முகவரி வேகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, சொந்த டொமைனை இணைத்த பிறகே பொதுவில் பகிர வேண்டும்.

பெரிய ஒலிக்கோப்புகள் தொடர்ந்து வருகின்றன, அவற்றைத் தளத்திலேயே கேட்கச் செய்ய வேண்டும் என்றால் இதற்கு மெனக்கெடலாம். ஆண்டுக்கு நான்கு பிடிஎஃப்புக்குத் தேவையில்லை.

## பிடிஎஃப் வேண்டுமா என்பதே ஒரு கேள்வி

முந்நூறு பக்க நூலின் எழுத்து மட்டும் யூனிகோடில் ஒன்றரை எம்பிக்குள் அடங்கும். அதே நூலை ஸ்கேன் செய்தால் ஐம்பது எம்பிக்கு மேல் போகலாம். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இத்தனை நூல்களை இத்தனை எளிமையாகக் கொடுக்க முடிவது, அவை எழுத்தாக இருப்பதால்தான்.

பேஜ்மேக்கரில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய இதழ்களுக்கு இன்னொரு சிக்கல். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். கதையின் தலைப்பைத் தேடுகிறவருக்கு உங்கள் இதழ் என்றுமே கிடைக்காது. மூலக் கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி முக்கியக் கட்டுரைகளையாவது பக்கமாக இடுங்கள். அது முடியாவிட்டாலும் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பக்கம், அதில் உள்ளடக்கப் பட்டியலும் எழுத்தாளர் பெயர்களும் யூனிகோடில் இருக்கட்டும். ஓர் இதழுக்கு அரைமணி நேர வேலை.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். "தமிழ்" என்ற ஒரு சொல் யூனிகோடில் 5 குறிகள், 15 பைட்டுகள். இணைப்பாக நகலெடுத்து ஒட்டும்போது சதவீதக் குறிகளோடு 45 எழுத்தாக நீளும், மடலில் வரி உடைந்து பாதியில் அறுந்துபோகும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுதான், தமிழில் 85 குறிகளோடு முடிந்துவிடும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

## யாருக்கு எது

எழுதத் தெரியும், கணினி தெரியாது, செலவு டொமைனுக்கு மட்டும் என்றால் பிளாகர், சொந்த டொமைன், கோப்புகளுக்கு இணைய ஆவணகம். பெரும்பாலான சிற்றிதழ்களுக்கு இதுவே போதும்.

இதழ் நின்றுவிட்டது, பழைய இதழ்களை அடுத்த தலைமுறைக்கு வைக்க வேண்டும் என்றால் கிளவுட்ஃபிளேர் பேஜஸில் எளிய பக்கங்கள், கோப்புகள் இணைய ஆவணகத்தில். பராமரிப்பு என்று எதுவும் மிஞ்சாது.

சந்தா, நூல் விற்பனை, வாராவாரம் புதுப் பதிவு என்றால் பகிர்வு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். கோப்புகளை அங்கே வைக்காதீர்கள்.

குழுவுக்குள் படி பார்ப்பது எந்த நிலையிலும் டிரைவில்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு பழக்கம் மட்டும் மாறக் கூடாது. வாட்ஸாப்பிலும் மடலிலும் டிரைவ் இணைப்பையோ ஆவணக இணைப்பையோ பகிராதீர்கள். உங்கள் டொமைனில் அந்த இதழுக்கு இருக்கும் பக்கத்தின் இணைப்பைப் பகிருங்கள், கோப்பின் இணைப்பு அந்தப் பக்கத்துக்குள் இருக்கட்டும். நாளை கோப்பு இருக்கும் இடம் முடங்கினால் ஒரு பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஆயிரம் பேர் கையில் இருக்கும் பழைய இணைப்பு அப்போதும் வேலை செய்யும்.

## டொமைனை இழக்கும் விதங்கள்

தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்திருப்பார். அவரோடு தொடர்பு விட்டுப்போனால் டொமைனும் போகும். கணக்கு இதழின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவும் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்று, புதுப்பிக்கச் சொல்லும் கடிதமே வந்து சேராது.

டாட் காம் காலாவதியான பிறகு பதிவாளர், அதாவது டொமைனை விற்ற நிறுவனம், தரும் சில வாரச் சலுகைக் காலம் இருக்கும். அது கடந்தால் 30 நாள் மீட்புக் காலம், அதில் பல மடங்கு கட்டணம். பிறகு 5 நாள் மீட்கவும் முடியாது. அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய இதழ்களின் பெயரில் சூதாட்டத் தளங்கள் நடப்பது இப்படித்தான். முதல் முறையே மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டுக்குக் கட்டிவிடுங்கள், தானியங்கிப் புதுப்பிப்பையும் இயக்கி வையுங்கள். புதிதாகப் பதிந்த டொமைனை முதல் 60 நாள் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. ஆகவே எங்கே வாங்குவது என்பதைத் தொடக்கத்திலேயே யோசியுங்கள். முதலாண்டு விலைக்குப் பக்கத்திலேயே புதுப்பிப்பு விலையையும் எழுதியிருக்கும் இடமாகப் பாருங்கள்.

எல்லாம் ஏற்றி முடித்ததும், குழுவில் இல்லாத ஒருவரின் போனை வாங்கி, வைஃபையை அணைத்து, மறைநிலை ஜன்னலில் தளத்தைத் திறந்து ஓர் இதழை இறக்கிப் பாருங்கள். உள்நுழையச் சொல்லிக் கேட்டால் பகிர்வு அனுமதி தவறு. இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் பிடிஎஃப்பைச் சுருக்க வேண்டும். பிறகு எல்லா மூலக் கோப்புகளையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதியெடுத்து, கணக்குகளின் பட்டியலையும் டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். டிஸ்க் ஆசிரியர் வீட்டில் இருந்தால், இரண்டாவது பிரதி குழுவில் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.